தணிந்த தீயும் தாங்கிய தணலும்

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றும், அவற்றில் தோன்றும் மரம், மா, புள், உணவு, தொழில் ஆகியவற்றைக் கருப்பொருள் என்றும், அங்கு வாழும் மாந்தர் நெஞ்சில் நிகழ்வதை உரிப்பொருள் என்றும் பகுத்துக் கண்டனர் நம் முன்னோர். இப்பகுப்பு காதற் பாடல்களுக்கென எழுந்தது. ஆயினும் ஓர் இலக்கியம் தான் பாடும் நிலத்தை எவ்வளவு ஆழமாக அறிந்திருக்கிறது என்பதை அளந்து பார்க்க இதனினும் எளிய கருவியை நாம் கண்டதில்லை. முதற்பொருளோடு நின்றுவிடும் எழுத்து, நிலத்தை வாயிலில் நின்று பார்த்த எழுத்து. கருப்பொருளை அறிந்த எழுத்து, உள்ளே சென்று பழகிய எழுத்து. உரிப்பொருள்வரை சென்ற எழுத்தே அந்நிலத்தில் வாழ்ந்த எழுத்து.

இக்கருவியைக் கையிற்கொண்டு, நம் நாட்டுக்கு மிகவும் அயலான ஒரு நிலத்தைப் பற்றிய நூல்கள் சிலவற்றை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். அந்நிலம் வட அமெரிக்காவின் வடகோடி. அலாஸ்காவும் அதனை அடுத்த கனடாவின் யூக்கான் பகுதியும். ஆண்டில் பாதிக்கு மேல் பனி மூடிக் கிடப்பது. ஊருக்கும் ஊருக்கும் இடையே நூறு மைல் காடு கிடப்பது. அங்குச் சென்று வெட்டவெளியில் வாழ்ந்தவர்களும் அலைந்தவர்களும் எழுதிய நூல்கள் ஒரு தனி இலக்கியமாகவே வளர்ந்துள்ளன. ‘தனி மனிதன் இயற்கையோடு நிகழ்த்தும் போர்’ என்று அவ்விலக்கியத்தைப் புகழ்வது திறனாய்வாளர் வழக்கமாகிவிட்டது. அப்புகழ்ச்சி அரைகுறையானது, ஓரளவு தீங்கானதுமாகும் என்பதே நம் கருத்து.

முதற்பொருளின் ஆட்சி

வடபுலத்தை உலகோர்க்கு அறிமுகம் செய்தவருள் முதலில் நினைக்கத்தக்கவர் ஜாக் லண்டன். தமிழர் பலர் அவரைப் பெ. தூரன் மொழிபெயர்த்த ‘கானகத்தின் குரல்’ வாயிலாக அறிவர். 1897-இல், கிளாண்டைக்கில் பொன் கிடைக்கிறது என்ற செய்தி கேட்டு ஓடிய பல்லாயிரவருள் அவரும் ஒருவர். அப்போது அவருக்கு வயது 21. பொன் கிட்டவில்லை. ஒரு குளிர்காலத்தைக் குடிசையில் கழித்து, காய்கறி காணாத உணவால் ஸ்கர்வி நோயுற்று, மறு ஆண்டே திரும்பிவிட்டார். அந்த ஒற்றைக் குளிர்காலத்தை வைத்தே வாழ்நாள் முழுமைக்கும் போதுமான கதைகளை அவர் எழுதினார் என்பதை நாம் மறத்தலாகாது.

அவருடைய ‘தீ மூட்டுதல்’ என்னும் சிறுகதை இவ்வகை எழுத்துகளின் சிகரமாகப் போற்றப்படுகிறது. போற்றத் தக்கதே. பாரன்ஹீட் கணக்கில் சுழிக்குக் கீழ் 75 பாகை, அதாவது செல்சியஸ் கணக்கில் சுழிக்குக் கீழ் ஏறத்தாழ 59 பாகைக் குளிர். பெயரில்லாத ஒருவன் ஒரு நாயோடு ஓடை வழியே நடக்கிறான். சுழிக்குக் கீழ் ஐம்பது பாகைக்கு மேல் குளிர் கடுத்தால் தனியே பயணம் செய்யாதே என்று முதியவர் ஒருவர் எச்சரித்ததை அவன் எள்ளி நகைத்தவன். பனிக்கட்டி உடைந்து கால் நனைகிறது. உடனே ஒரு ஸ்புரூஸ் மரத்தடியில் தீ மூட்டுகிறான். மரக்கிளைகளில் ஏறியிருந்த பனி சரிந்து விழுந்து தீயை அவித்துவிடுகிறது. விரல்கள் மரத்துப்போக, எழுபது தீக்குச்சிகளையும் ஒருசேர உரசிப் பார்க்கிறான். பயனில்லை. அவன் இறந்தபின் நாய், தீயும் உணவும் தரும் வேறு மனிதர்களைத் தேடி ஓடுகிறது.

1902-இல் இளைஞர் இதழ் ஒன்றுக்காக இக்கதையை லண்டன் முதன்முறை எழுதியபோது, நாயகனுக்குப் பெயர் இருந்தது. அவன் பிழைத்தும் கொண்டான். 1908-இல் திருத்தி எழுதியபோது பெயரையும் பறித்தார், உயிரையும் பறித்தார். கலை நோக்கில் இரண்டாவதே சிறந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் திருத்தத்தில் நிகழ்ந்தது யாது? மனிதன் சுருங்கினான்; குளிர் வளர்ந்தது. கதை முழுதும் முதற்பொருளின் ஆட்சியே. கருப்பொருள் என்று சொல்லத்தக்கவை ஒரு நாயும் ஒரு மரமுமே. அந்த மரமும் கொல்லவே பயன்படுகிறது. அவ்வோடைக் கரைகளில் எத்தனையோ தலைமுறைகளாக வாழ்ந்துவந்த மக்களுள் ஒருவர்கூடக் கதைக்குள் வரவில்லை.

அம்மக்கள் வேறொரு கதையில் வருகின்றனர். 1901-இல் வெளிவந்த ‘வாழ்வின் நியதி’ என்னும் கதை அது. கண்ணிழந்த முதியவர் ஒருவரை, இடம்பெயரும் அவர் கூட்டத்தார் பனியிலே விட்டுச் செல்கின்றனர். ஒரு சிறு தீயும் ஒரு சிறு விறகுக் குவியலும் அவர் பக்கத்தில். ஒவ்வொரு குச்சியாக எரிந்து தீர்கிறது. ஓநாய்கள் சூழ்கின்றன. மகன்மீது சினமில்லை, பேத்தி இன்னும் கொஞ்சம் விறகு பொறுக்கி வைத்திருக்கலாமே என்ற சிறு குறை மட்டும் உண்டு. இதுவே இயற்கையின் நியதி என்று அவர் தலை கவிழ்கிறார். உருக்கமான கதை. ஆனால் அந்த நியதி வடபுலத்து மக்களின் நியதியா, அக்காலத்து நகரங்களில் டார்வினையும் ஸ்பென்சரையும் படித்த இளைஞர் ஒருவர் அவர்கள் வாயில் வைத்த நியதியா என்ற ஐயம் நம்மை விடாது தொடர்கிறது. இவ்வையத்துக்கு விடை தொண்ணூறு ஆண்டுகள் கழித்து அம்மண்ணிலிருந்தே வந்தது. அதனைப் பின்னர்க் காண்போம்.

படித்தவன் அழிந்த கதை

1992 ஏப்ரலில் கிறிஸ்டஃபர் மெக்கேண்ட்லஸ் என்னும் 24 வயது இளைஞர் அலாஸ்காவின் ஸ்டாம்பீட் தடத்தில் தனியே நடந்து காட்டுக்குள் புகுந்தார். கையில் பத்து இராத்தல் அரிசி, ஒரு சிறு துப்பாக்கி, சில நூல்கள். அவரை வழியில் ஏற்றிவந்தவர் மனம் கேளாமல் தம் ரப்பர்க் காலணிகளையும் மதிய உணவையும் கொடுத்தனுப்பினார். நிலப்படம் ஒன்று அவரிடம் இல்லை. கைவிடப்பட்ட 142 என்னும் எண்ணுடைய பேருந்தொன்றில் தங்கினார். ஆகஸ்டில் பட்டினியால் அங்கேயே இறந்தார். ஜான் கிராக்கவர் 1996-இல் வெளியிட்ட ‘இன்டு தி வைல்ட்’ என்னும் நூல் இவர் வரலாற்றைக் கூறுவது.

அந்நூலில் நம் நெஞ்சைத் தைப்பவை இரண்டு செய்திகள். முதலாவது, அவ்விளைஞர் ஜாக் லண்டனின் அடியார். லண்டனே மன்னர் என்று மரத்துண்டொன்றில் செதுக்கி வைத்திருந்தார். எச்சரிக்கையாக எழுதப்பட்டதை அவர் அழைப்பாகப் படித்தார். இது படித்தவர் குற்றம் மட்டுமன்று. மனிதனைப் பெயரற்றவனாக்கிக் குளிரை மாபெரும் தெய்வமாக்கிய எழுத்து, அத்தெய்வத்தின்முன் தன்னைச் சோதித்துப் பார்க்கும் ஆசையை எந்த இளைஞர்க்கும் ஊட்டத்தானே செய்யும்?

இரண்டாவது செய்தி இறைச்சி பற்றியது. ஜூனில் அவர் மூஸ் என்னும் பெரிய மான் ஒன்றைச் சுட்டு வீழ்த்தினார். பல நாள் உணவு. தெற்கே சமவெளி நாட்டு வேட்டைக்காரரிடம் கேட்டறிந்தபடி அதனைப் புகையிட்டுக் காக்க முயன்றார். புழு வைத்து வீணாயிற்று. அலாஸ்காவில் பழகியவர் இறைச்சியை மெல்லிய கீற்றுகளாக அரிந்து காற்றில் உலர்த்துவர். நீரில் மூழ்கும் ஆபத்தும் இவ்வாறே வந்தது. ஜூலையில் வெளியேற முயன்றபோது டெக்லனிகா ஆறு பெருக்கெடுத்திருந்தது, பேருந்துக்கே திரும்பிவிட்டார். சிறிது தொலைவிலேயே ஆற்றின் குறுக்கே கம்பிவடத்தில் தொங்கும் கூடை ஒன்று இருந்ததை அவர் அறியார். அவர் கையிலிருந்த நூல்களுள் ஒன்று, அந்நாட்டுத் தெனைனா மக்களின் தாவர அறிவைத் தொகுத்துரைக்கும் நூல் என்பது இத்துயரத்தின் உச்சம். அறிவு நூலாக அவர் கைக்கு வந்தது. அதைக் கைப்பழக்கமாக்கித் தரும் மனிதர் உடன் வரவில்லை. அவர் இறப்பின் காரணம் குறித்து, உண்ட விதையின் நஞ்சா, வெறும் பட்டினியா என்று ஆசிரியரே பல முறை தம் கருத்தைத் திருத்தியிருக்கிறார். நமக்கு அவ்வாராய்ச்சியினும் அந்த வீணான இறைச்சியே மிகுதியாகப் பேசுகிறது.

கிராக்கவர் நேர்மையான எழுத்தாளர். அவ்விளைஞரை ஏளனம் செய்யவுமில்லை, துறவியாக்கி வணங்கவுமில்லை. ஆனால் அவர் நூலைப் படித்தவர்கள் அந்தப் பேருந்தைத் திருத்தலமாக்கினர். அங்குச் செல்ல முயன்று 2010-இலும் 2019-இலும் அதே ஆற்றில் இரு பெண்கள் உயிரிழந்தனர். 2020 ஜூனில் அப்பேருந்தை இராணுவ ஹெலிகாப்டரில் தூக்கி அப்புறப்படுத்தினர். ஒரு நூலை எவ்வாறு படிப்பது என்னும் வினா உயிர்ப்பிரச்சினையாகவும் ஆகக்கூடும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. திறனாய்வு வெறும் சுவையாராய்ச்சி என்பாரை இப்பேருந்தை நினைக்குமாறு வேண்டுகின்றோம்.

வரைபடத்தின் வெண்மை

லண்டனுக்கும் கிராக்கவருக்கும் இடைக்காலத்தில், வேறொரு மனநிலையோடு வடக்கே சென்றவர் ராபர்ட் மார்ஷல். காட்டியல் அறிஞர், பெருநடையர். 1929-இல், வரைபடத்தில் வெண்மையாக விடப்பட்டிருந்த புரூக்ஸ் மலைத்தொடரின் நடுப்பகுதியைத் தேடிச் சென்றார். மரங்கள் எந்த வடவெல்லையில் நின்றுவிடுகின்றன என்று ஆராய்வது அவர் கூறிய காரணம். யாரும் வரையாத மலையில் ஏறவேண்டும் என்பது உள்ளார்ந்த காரணம். கொயுக்குக் ஆற்றின் வடகிளைக்கு இருபுறமும் காவல் நிற்பன போன்ற இரு மலைகளைக் கண்டு ‘ஆர்க்டிக்கின் வாயில்கள்’ என்று பெயரிட்டார். 1980-இல் அமைந்த தேசியப் பூங்கா அப்பெயரையே தாங்கி நிற்கிறது.

அவர் இறந்தபின் 1956-இல் வெளிவந்த பயணக் குறிப்புகளில் வழியெல்லாம் வியப்பு, வழியெல்லாம் பெயர்சூட்டல். படிக்க இன்பமானவை. எனினும் அம்மலைகளில் நூனமியூட் மக்கள் கரிபு மான்களைத் தொடர்ந்து நெடுங்காலம் நடந்திருந்தனர் என்பதை நினைக்கும்போது, வெண்மை நிலத்தில் இல்லை, தாளில்தான் இருந்தது என்பது விளங்குகிறது.

மார்ஷலின் பெருமை வேறொன்றில் உள்ளது. 1930-31-இல் வைஸ்மன் என்னும் சிற்றூரில் ஓராண்டுக்கு மேல் குடியிருந்து, வெள்ளையரும் எஸ்கிமோவரும் கலந்து வாழ்ந்த அவ்வூரைப் பற்றி ‘ஆர்க்டிக் வில்லேஜ்’ என்னும் நூலை 1933-இல் எழுதினார். ஊரார் எதைப்பற்றி எவ்வளவு நேரம் பேசுகின்றனர் என்றுகூட நூற்றுவீதம் கணக்கெடுத்தார். இக்கணக்குகள் சில இடங்களில் நகைப்பை ஊட்டுவன. ஆனால் காட்டைத் தேடிச் சென்றவர் மனிதரைக் கண்டு நின்றுவிட்டார். அதனை மறைக்கவும் இல்லை. நூல் வருவாயில் பாதியை ஊராருக்கே பகிர்ந்தளித்தார். தாம் எழுதிய மனிதருக்குத் தாம் கடன்பட்டவர் என்று உணர்ந்த எழுத்தாளர் எத்தனை பேர்?

படகில் ஒரு தொட்டில்

கருப்பொருள் நிறைந்த எழுத்தைக் காண மார்கரெட் மியூரியிடம் வரவேண்டும். சிறுமியாக ஃபேர்பேங்க்ஸ் நகருக்கு வந்து அங்கேயே வளர்ந்தவர். 1924-இல் யூக்கான் ஆற்றங்கரையிலுள்ள ஆன்விக் ஊரில் உயிரியல் அறிஞர் ஓலஸ் மியூரியை மணந்தார். தேனிலவு என்பது கணவரின் கரிபு ஆராய்ச்சிக்காகப் படகிலும் நாய் இழுக்கும் சறுக்குவண்டியிலும் கொயுக்குக் நாட்டில் மேற்கொண்ட நெடும்பயணமே. 1962-இல் வெளிவந்த ‘டூ இன் தி ஃபார் நார்த்’ இவ்வாழ்வின் பதிவு.

அந்நூலில் 1926-ஆம் ஆண்டுப் பயணம் மறக்க இயலாதது. வாத்துகளுக்கு அடையாள வளையம் இடுவதற்காக ஓல்ட் குரோ ஆற்றில் செல்கின்றனர். ஓராண்டும் நிரம்பாத குழந்தை உடன் வருகிறது. படகின் இயந்திரம் முறிந்துவிடுகிறது. திரும்பவில்லை, கழியூன்றியே படகை மேலே செலுத்துகின்றனர். கொசுக்கள் முகில்போல் மொய்க்கின்றன. குழந்தையைக் கொசுவலைக்குள் காப்பதும், ஆற்றங்கரையில் துணி அலசுவதும், ஈர விறகில் சமைப்பதும் மியூரியின் எழுத்தில் வீரச்செயல்கள் ஆகா. அன்றாட வேலைகள் ஆகும். லண்டன் ஒரு கதை முழுதும் மூட்டிய தீயை மியூரி ஒரு நாளில் மூன்று முறை மூட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார். இந்த அமைதியே அவர் எழுத்தின் அழகு. சோர்வையும் அச்சத்தையும் அவர் சில நேரங்களில் அளவுக்கு மீறி மறைத்து, எல்லாவற்றையும் இனிமையாக்கிவிடுகிறார் என்ற குறை உண்டு. அக்குறையோடும் அவர் நூல் வாழ்ந்தவர் நூல்.

1956-இல் அவரும் கணவரும் ஷீன்ஜெக் ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஒரு கோடையைக் கழித்தனர். அக்குழுவில் இருந்த இளைஞர் ஜார்ஜ் ஷாலர், பின்னர் நம் நாட்டுக் கன்ஹாக் காட்டில் தங்கிப் புலியையும் மானையும் ஆராய்ந்து 1967-இல் நூல் வெளியிட்டவர். அப்பயணத்தின் பின் எழுந்த முயற்சிகளால் 1960-இல் அலாஸ்காவின் வடகிழக்கு மூலை வனவிலங்குக் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது.

கைவிடப்பட்டோர் கற்பித்தது

இனி, முன்னர்க் குறித்த விடைக்கு வருவோம். வெல்மா வாலிஸ் 1960-இல் ஃபோர்ட் யூக்கானில் குவிச்சின் இனத்தில் பிறந்தவர். ஊரிலிருந்து 12 மைல் தொலைவிலுள்ள வேட்டைக் குடிசையில் விட்டுவிட்டுப் பல ஆண்டுகள் தனியே வாழ்ந்து, முன்னோர் தொழில்களைக் கற்றவர். தாய் கூறிய பழங்கதை ஒன்றை 1993-இல் ‘டூ ஓல்ட் விமன்’ என்று நூலாக்கினார்.

கொடிய குளிர்காலம். பட்டினி. கூட்டத்தார் இடம்பெயர முடிவுசெய்து, எண்பது வயதும் எழுபத்தைந்து வயதுமான இரு மூதாட்டியரை விட்டுச் செல்கின்றனர். மகள் வாய்திறக்க அஞ்சி நிற்கிறாள். தோல்வார்க் கட்டு ஒன்றைத் தாய்க்குக் கொடுக்கிறாள். பேரன் தன் கைக்கோடரியை மரத்தில் விட்டுச் செல்கிறான். ஜாக் லண்டன் கதை முடிந்த இடத்தில் இக்கதை தொடங்குகிறது. எப்படியும் சாவுதான் என்றால் முயன்றே சாவோம் என்று துணிகின்றனர் மூதாட்டியர். அவருள் இளையவர், விண்மீன் என்னும் பொருளுடைய ஸா என்பார், அக்கோடரியை வீசி ஓர் அணிலை வீழ்த்துகிறார். தோல்வாரில் முயற்கண்ணி பின்னுகின்றனர். பனியில் புதையாமல் நடப்பதற்குரிய வலைக் காலணி செய்கின்றனர். முன்னொரு காலத்தில் மீன் மிகுந்திருந்த ஓரிடத்தை நினைவு கூர்ந்து நாள்கணக்கில் நடந்து சேர்கின்றனர். கோடையில் மீனை அரிந்து உலர்த்திச் சேமிக்கின்றனர். மெக்கேண்ட்லஸ் அறியாத அந்த ஒரு வித்தை, இங்கே யாரும் விளக்காமலே நடந்தேறுகிறது!

தீயின் செய்தியும் நோக்கத்தக்கது. அம்மக்கள் இடம்பெயரும்போது தோற்பையில் சாம்பலிட்டு, அதனுள் முந்தைய தீயின் தணலைப் புதைத்து எடுத்துச் செல்வர். அதிலிருந்தே அடுத்த தீ பிறக்கும். அங்கே எழுபது குச்சிகள் ஒரே நொடியில் எரிந்து தீர்ந்தன. இங்கே ஒரு தணல் சாம்பலுக்குள் உறங்கி மறுநாளைக்கு விழித்தெழுகிறது. அது தனி மனிதனின் தீ; இது கைமாறி வரும் தீ.

இத்துடன் கதை முடிந்திருந்தால் பிழைத்தற்கலை நூலாகவே நின்றிருக்கும். மறு குளிர்காலத்தில் அக்கூட்டத்தார் மேலும் மெலிந்து, அதே இடத்துக்குத் திரும்புகின்றனர். மூதாட்டியரிடம் உணவு இருக்கிறது; புண்பட்ட நெஞ்சும் இருக்கிறது. உடனே கட்டித்தழுவிக்கொள்வதில்லை. அஞ்சுகின்றனர், ஐயுறுகின்றனர், கட்டுப்பாடு விதித்தே உணவு தருகின்றனர். பேரன் முதலில் வருகிறான். நாணி நின்ற மகள் பின்னர் வருகிறாள். நம் மரபுப் பெயரால் சொன்னால், இரங்கலில் தொடங்கிய கதை இருத்தலில் நிறைவுறுகிறது. உரிப்பொருள் என்பது இதுவே. லண்டன் கண்ட நியதி இயற்கையின் நியதியன்று; பசித்த மனிதர் செய்த தவறு. அது வருந்துவதற்கும் திருத்துவதற்கும் உரியது. முதியவர்களிடம் வேலையும் நினைவும் எஞ்சியிருக்கின்றன என்பதை மறந்ததால் கூட்டமே அழிய நேர்ந்தது என்று இந்நூல் சொல்கிறது.

வாலிஸின் நடை எளியது. நீதியைச் சில இடங்களில் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறார். லண்டனின் சொற்செட்டு அவரிடம் இல்லை. சொற்கலை ஒன்றையே அளந்தால் லண்டனுக்கே முதலிடம் தருவோம். ஆனால் இலக்கியம் நிலத்தைப் பற்றி உண்மை சொல்ல வேண்டும் என்று கேட்போமாயின், ஒரு குளிர்காலம் தங்கிய கலைஞரைவிடத் தலைமுறைகளின் நினைவைச் சுமந்த கதைசொல்லியே முன்னிற்பார்.

முடிவாக

‘வைல்ட்’ என்னும் ஆங்கிலச் சொல் அடங்காமையைக் குறிப்பது. தூரன் அதனைக் கானகம் என்று தமிழாக்கினார். நம் சொல்லில் மரமும் மாவும் உண்டு, அச்சம் குறைவு. இவ்வேறுபாட்டை அமெரிக்கச் சட்டங்களிலும் காணலாம். 1964-ஆம் ஆண்டுச் சட்டம் வனாந்தரத்தில் மனிதனை வந்துபோகும் விருந்தினனாகவே வைத்தது. 1980-ஆம் ஆண்டு அலாஸ்கா நிலச்சட்டமோ, காக்கப்பட்ட பெருநிலங்களில் நாட்டுப்புற மக்கள் தம் உணவுக்காக வேட்டையாடவும் மீன்பிடிக்கவும் உரிமை தந்தது. விருந்தினன் பார்வைக்கும் வீட்டார் பார்வைக்கும் இடையே பதினாறு ஆண்டுகள் ஆயின.

வடநாட்டு நகரங்களில் குடியேறிய நமக்கும் இதில் ஒரு சிறு பாடம் இல்லாமலில்லை. கதவடைத்த அறையில் கரிக் கணப்பை வைத்து உறங்கலாகாது என்று, முதல் குளிர்காலத்தில் நமக்கு எந்த நூலும் சொல்லவில்லை. அண்டை வீட்டு மூதாட்டியே சொன்னார். அச்சொல்லை எள்ளி நகைத்திருந்தால் லண்டன் கதையின் பெயரில்லா மனிதனுக்கும் நமக்கும் வேறுபாடு இருந்திராது.

ஆதலின் இந்நூல்களைப் படிக்க விரும்பும் இளைஞர்களுக்கு ஒன்று கூறுவோம். ‘தீ மூட்டுதல்’ கதையைப் படியுங்கள். அதன் கலையில் மயங்குங்கள். ஆனால் அதனோடு நூலை மூடிவிடாதீர்கள். மியூரியின் படகில் ஏறிச் சிறிது தூரம் செல்லுங்கள். பிறகு அவ்விரு மூதாட்டியரின் கூடாரத்துக்கு வந்து அமர்ந்து, அவர்கள் கண்ணி பின்னுவதையும் மீன் உலர்த்துவதையும் பொறுமையாகப் பாருங்கள். வடக்கே செல்லும் ஆசை அதன் பின்னும் இருக்குமாயின், நன்று. முதலில் யாரிடம் வழி கேட்க வேண்டும் என்பதேனும் அப்போது தெரிந்திருக்கும்.